கடையில் கிடக்கும் அடுத்தவர் தகவல்: எங்கிருந்து தொடங்குவது?

போன மாசிமகத்தன்று சில்வர் பீச்சில் சுண்டல் வாங்கினேன். சாப்பிட்டு முடித்துத் தாளைக் கசக்கப் போகும்போதுதான் கவனித்தேன். யாரோ ஒரு பெண் வேலைக்காக எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அது. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருந்தன. பின்பக்கத்தில் ஆதார் நகல், மிளகாய்ப்பொடி ஒட்டிக்கொண்டு. எங்கோ ஒரு அலுவலகத்தில் இடத்தை அடைக்கிறது என்று பழைய ஃபைல்களை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். சுண்டல்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் தாளைக் கிலோ கணக்கில் வாங்குகிறவர், படிக்கிறவர் இல்லை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினி பழுது பார்க்கிறேன். கடைகளுக்குக் கணக்கு எழுதும் டேலியும் பில்லிங் மென்பொருளும் போட்டுக் கொடுப்பேன். வாரம் இரண்டு நாள் பாண்டிச்சேரிக்கும் போய் வருவேன். இத்தனை வருடத்தில், எங்கிருந்தோ ஒரு ஹேக்கர் உட்கார்ந்து உடைத்துத் திறந்த கடை என்று நான் பார்த்தது மிகக் குறைவு. எடைக்குப் போட்ட தாள், வேலையை விட்டுப் போன பையனின் போன், ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்து மறந்த கடவுச்சொல், விற்றுவிட்ட பழைய கணினி, இப்படிப் போனதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பெரிய மென்பொருள் பெயர்களைத் தேடாதீர்கள். ஜவுளிக்கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம், கெஸ்ட் ஹவுஸ், டியூஷன் சென்டர், அடகுக்கடை, ஜெராக்ஸ் கடை என்று பத்துப் பேருக்குள் வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் முக்கால்வாசி முடிந்துவிடும்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடை திறப்பதற்கு முன்னால், வாசலில் ஆரம்பித்துப் பின்கட்டு வரை நடங்கள். அடுத்தவர் தகவல் எங்கெல்லாம் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி: என்ன இருக்கிறது? எங்கே இருக்கிறது? யார் யார் கைக்கு எட்டும்? எதற்காக இன்னும் வைத்திருக்கிறோம்? முதல் மூன்றுக்கும் பதில் வந்துவிடும். நாலாவதில்தான் பேனா நிற்கும்.

புதுச்சேரியில் எட்டு அறை உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸில் இப்படிச் சுற்றினோம். "நம்மகிட்ட என்ன தம்பி இருக்கு? வர்றவங்க பேரும் போன் நம்பரும்தான்" என்றார் உரிமையாளர். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் நிறைந்தது. வரவேற்பு மேசை இழுப்பறையில் நான்கு வருட ஆதார் நகல்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக. வெளிநாட்டு விருந்தினர்களின் பாஸ்போர்ட், விசா நகல்கள் தனியாக. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்பதால், அவற்றை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் மேனேஜர் அவற்றைத் தன் சொந்த போனில் படம் எடுத்துப் பதிந்திருக்கிறார். அந்தப் போனின் படங்களெல்லாம் கூகுள் போட்டோஸுக்குப் போகின்றன. அதே கணக்கை வீட்டு டேப்லெட்டிலும் போட்டிருக்கிறார். அவர் மகளின் காதுகுத்துப் படங்களுக்கு நடுவே ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் பாஸ்போர்ட் சிரித்துக்கொண்டிருந்தது.

சிசிடிவி கதை அதைவிட மோசம். கேமரா பொருத்திய பையன் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவே இல்லை. செயலியும் அவன் போனில் அப்படியே இருந்திருக்கிறது. வரவேற்பறையில் யார் வருகிறார், யார் போகிறார் என்று அவன் நினைத்தால் வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம். பார்த்தானா என்பது வேறு விஷயம்.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேனா எடுங்கள். வெளியே போனால் அந்த ஆளுக்கே அடி விழும் என்பவற்றுக்கு ஒரு கோடு போடுங்கள். ஆதார், பாஸ்போர்ட், வங்கி விவரம், பரிசோதனை அறிக்கை, கைரேகை, கடவுச்சொல், அப்புறம் குழந்தைகள் பற்றிய எதுவும். வங்கி விவரம், உடல்நலக் குறிப்பு, கைரேகை, கடவுச்சொல் ஆகியவற்றைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவல் என்று 2011-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளே பிரித்து வைத்திருக்கின்றன. வாடிக்கையாளரின் பெயரும், எந்தப் புடவை வாங்கினார் என்பதும் சிவப்பில் வராது. எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் வைக்கப் போனால் வியாபாரம் நடக்காது.

அப்புறம் குறையுங்கள்

இதுதான் முக்கியமான கட்டம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக ஆன்டிவைரஸ் விலை கேட்பார்கள். உங்களிடம் இல்லாத தகவலை யாரும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது. பூட்டு வாங்கும் செலவும் மிச்சம்.

ஆதாரிலிருந்து ஆரம்பிக்கலாம். உண்மையிலேயே அது வேண்டுமா? அடையாளம் பார்க்க வேண்டும் என்றால், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதாதா? தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்டு வாங்க வழி விட்டிருந்த சட்டப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே ரத்து செய்துவிட்டது. பழக்கம் மட்டும் விடவில்லை. உறுப்பினர் அட்டை போடக்கூட ஆதார் ஜெராக்ஸ் கேட்கும் கடைகள் இருக்கின்றன.

நகல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மறைத்த ஆதார் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் தரவிறக்கும்போதே அதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு எண்ணில் முதல் எட்டும் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். 2022 மே மாதத்தில், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. மக்கள் பயந்துபோக, இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அறிக்கை போனாலும் வசதி அப்படியே இருக்கிறது. பயன்படுத்துங்கள். தாளில் நகல் வாங்கினால், எழுத்தின் மேலேயே குறுக்கே "அறை வாடகைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். வேறு எங்காவது சிம் கார்டு வாங்க அந்தத் தாள் போனால் கண்ணில் உறுத்தும்.

இரண்டாவது, ஜெராக்ஸ் கடைகளும் பிரவுசிங் சென்டர்களும். என் பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனிதர், கைசுத்தம். ஆனால் அவர் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியைத் திறந்தால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து முதுநகர் வரை பாதி ஊரின் பட்டா, சாதிச் சான்றிதழ், பான் கார்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருந்தன. பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், எடுத்ததும் போய்விடுகிறார்கள், ஃபைல் தங்கிவிடுகிறது. அவரை உட்கார்ந்து அழிக்கச் சொன்னால் நடக்காது என்று தெரியும். அதனால் விண்டோஸில் இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதியைப் போட்டுவிட்டேன். அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் கிடைக்கும். டவுன்லோட்ஸில் திறக்கப்படாமல் கிடக்கும் ஃபைல்களை ஒரு நாள், 14 நாள், 30 நாள் கழித்துத் தானாக அழிக்கச் சொல்லலாம். அவருக்கு ஒரு நாள். குப்பைத்தொட்டிக்கும் அதே கணக்கு.

எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள், கணக்கு வேறு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்குப் புத்தகம், பில், ஆவணங்களை அந்த வருடத்துக்கான ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வழக்கு, மேல்முறையீடு நடந்தால் அதற்கும் மேல். தொழில் உரிமம் வைக்கச் சொல்லும் பதிவேடுகளும் அப்படியே. சந்தேகமான ஃபைலை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிழியுங்கள். 2017 பில் புத்தகத்தை அழிக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அட்டை எண்ணை நோட்டில் எழுதி வைத்து, போனில் ஆர்டர் எடுக்கும் பழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வியாபாரிகள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தாளை அழிக்க, துண்டுதுண்டாக வெட்டும் சின்ன ஷ்ரெடர் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். நீளநீளமாக நாடா போல வெட்டுவதை வாங்காதீர்கள், பொறுமை உள்ளவன் ஒட்டிவிடுவான். ஷ்ரெடர் வேண்டாம் என்றால் பழைய பெயின்ட் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றித் தாளை ஊறப்போட்டு, மறுநாள் ஒரு குச்சியால் கலக்குங்கள். கூழாகிவிடும். லேமினேஷன் போட்டது ஊறாது, கத்தரிக்கோல்தான்.

போன்

சிறு கடையின் உண்மையான கணினி போன்தான். ஆர்டர், பில், படம், பணம் எல்லாம் அதில்தான். ஆகவே கடைக்கென்று ஒரு போன், உரிமையாளர் பெயரில் ஒரு சிம். வேலை செய்கிற பையனின் சொந்த எண்ணில் கடை வாட்ஸ்அப்பை நடத்தினால், அவன் போகும் நாளில் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலும் கூடவே போகும். அவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் போனில் செய்ய வேண்டியது நான்கே. திரைப் பூட்டு போடுங்கள், பிறந்த வருடத்தை வைக்காதீர்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் வையுங்கள். இது இருந்தால் யாராவது உங்களிடம் ஓடிபியை ஏமாற்றி வாங்கினாலும் உடனே கணக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தெந்தக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப் திறந்து கிடக்கிறது என்று தெரியும். தெரியாத பெயர் இருந்தால் வெளியேற்றுங்கள். கடைசியாக, வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் கேலரியில் தெரியும் வசதியை நிறுத்துங்கள். காதுகுத்துப் படத்துக்கு நடுவே பாஸ்போர்ட் வந்தது இந்த வழியாகவும்தான்.

போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். அந்த எண் போன் வந்த பெட்டியின் மேல் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடும் முன் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாவிகள் யாரிடம் இருக்கின்றன?

கடைச் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று கேட்டால் எந்த முதலாளியும் தூக்கத்திலும் சொல்வார். ஜிஎஸ்டி தளத்தின் கடவுச்சொல் யாரிடம் என்று கேளுங்கள். "அதெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க" என்று பதில் வரும். பல கடைகளில் பதிவு செய்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்கூட கணக்கு எழுதுகிறவருடையதாக இருக்கும், ஏனென்றால் பதிவு செய்த அன்று அவர்தான் பக்கத்தில் இருந்தார். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ அவர் எண்ணை மாற்றினாலோ, ஓடிபி உங்களுக்கு வராது. அதிகாரம் பெற்ற கையொப்பதாரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுவது தளத்திலேயே அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாமல் செய்யக்கூடிய திருத்தம்தான். பழைய எண்ணே கையில் இல்லை என்றால் உங்கள் எல்லைக்குட்பட்ட வரி அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது டிஜிட்டல் கையொப்பம். பென் டிரைவ் போல இருக்கும் அந்தக் குச்சியை வாங்கிய நாளோடு ஆடிட்டர் ஆபீஸ் மேசையில் விட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு டப்பாவில் இருபது முப்பது பேருடையது, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர், ஸ்டிக்கரிலேயே கடவு எண். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது உங்கள் கையெழுத்துக்குச் சமம். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை யாரிடமாவது கொடுத்து வைப்பீர்களா? நீங்களே வைத்துக்கொண்டு, தாக்கல் செய்யும் நாளில் எடுத்துப் போங்கள். ஆடிட்டருக்குக் கோபம் வராது, உண்மையில் அவருக்கும் பாரம் குறையும்.

கடவுச்சொல் விஷயத்தில் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான். முதலில் மின்னஞ்சலுக்கு வலுவான பூட்டு போடுங்கள். மற்ற எல்லாக் கணக்குக்கும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் கடிதம் வருவது அங்கேதான், ஆகவே அதுதான் தலைவாசல். அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு கண்டிப்பாக வேண்டும். கடவுச்சொல் கடினமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது நல்லது. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்குங்கள், பனங்கிழங்கு, தண்டவாளம், மூக்குப்பொடி, ஈசல் என்பது போல. இந்த நான்கையே வைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொன்று என்றால் நினைவில் நிற்காது. பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அது பழகவில்லையா, ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். நோட்டில் எழுதக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவதோடு ஒப்பிட்டால் பீரோ நோட்டு கோட்டை.

டேலியில் ஆளுக்கு ஒரு பயனர் பெயர் கொடுங்கள். பில் போடுகிறவர் லாபக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. டேலிவால்ட் என்ற வசதியைப் போட்டால் நிறுவனத்தின் பெயரே வெளியே தெரியாதபடி கணக்குப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியே கிடையாது. என்னைக் கூப்பிட்டாலும் வந்து கைகட்டி நிற்பேன், அவ்வளவுதான். அதையும் பீரோ நோட்டில் எழுதுங்கள்.

புயல் வரும் ஊரில் நகல்

தகவலைக் காப்பது என்றால் அடுத்தவன் கையில் சிக்காமல் பார்ப்பது மட்டும் இல்லை. உங்களுக்கே இல்லாமல் போகாமலும் பார்க்க வேண்டும். நம்ம கடற்கரையில் இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நானே தப்பு செய்தவன்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, என் கடையின் சிமென்ட் ஷீட்டில் பாதி பறந்துபோனது. கணினி நனைந்ததற்கு நான் கவலைப்படவில்லை, பதினொரு கடைகளின் டேலி பேக்கப்பைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்திருந்தேனே! அந்த டிஸ்க்கை எங்கே வைத்திருந்தேன்? அதே கணினிக்கு மேலே உள்ள அலமாரியில். மறுநாள் அதை எடுத்துக் கவிழ்த்தால் தண்ணீர் ஒழுகியது. ஒரு அரிசி மண்டிக்காரர் மூன்று மாதக் கணக்கைப் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து என் கணக்கு இது: மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், அதில் ஒன்று ஊருக்கு வெளியே. ஒன்று வேலை செய்யும் கணினியில். இன்னொன்று வெளி ஹார்டு டிஸ்கில், வாரம் ஒருமுறை செருகி எடுத்துவிட்டுக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றுவது முக்கியம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்றாவது, கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பில், இல்லையென்றால் விருத்தாசலத்தில் இருக்கும் அக்கா வீட்டில். சிவப்புக் கோடு போட்ட தகவல் என்றால் கடவுச்சொல் போட்டுச் சுருக்கிய கோப்பாக ஏற்றுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் புகுந்தது. அந்த முறையும் கணினிகள் முழுகின. ஆனால் என் பொறுப்பில் இருந்த கடைகளில் கணக்குப் போனது என்று ஒன்றும் இல்லை. தரையில் கிடந்த சிபியு பெட்டிகள்தான் போயின. ஐப்பசி பிறந்ததும் சிபியுவையும் யுபிஎஸ்ஸையும் மேசைக்கு மேலே ஏற்றுங்கள். செலவில்லாத காப்பீடு அது.

பேக்கப் எடுத்தால் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் திறந்து பாருங்கள். இரண்டு வருடமாக வெற்று ஃபோல்டரையே விசுவாசமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த ஒரு கடையை எனக்குத் தெரியும்.

கணினிக்குச் சுருக்கமாக

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருந்தால் 11-க்கு மாறுங்கள், இல்லையேல் அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள். திருட்டு விண்டோஸ், கிராக் போட்ட டேலி வேண்டாம். அந்தக் கிராக்கை இலவசமாக எழுதிக் கொடுத்தவன் புண்ணியத்துக்கு எழுதவில்லை. மடிக்கணினியில் விண்டோஸ் ப்ரோ இருந்தால் டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கரை இயக்கி, அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அச்செடுத்துப் பீரோவில் வையுங்கள். கெஸ்ட் ஹவுஸ், காபிக் கடைக்காரர்கள் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரியுங்கள். பெரும்பாலான ரௌட்டர்களில் அதற்கு வசதி உண்டு. தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலி வழியாக வேலை செய்யக் கேட்பவர் நானாகவே இருந்தாலும், வேலை முடிந்ததும் மூடுங்கள்.

பழைய கணினியை விற்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால் போய்விடும் என்று நம்பி, ஞாயிற்றுச் சந்தைக்குப் போன டிஸ்க்குகளிலிருந்து கல்யாண ஆல்பம் முதல் சம்பளப் பட்டியல் வரை நானே மீட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆட்கள்

வேலைக்குச் சேரும் நாளில் என்னென்ன கொடுத்தோம் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். போகும் நாளில் அதே பக்கத்தைப் பார்த்துத் திரும்ப வாங்குங்கள். வாட்ஸ்அப் குழு, டேலி பயனர் பெயர், சிசிடிவி செயலி, மின்னஞ்சல், வைஃபை, ஷட்டர் சாவி. எல்லாருக்கும் ஒரே முறை என்றால் யாருக்கும் மனம் நோகாது. "நம்ம பையன்தானே" என்று ஒருவருக்கு மட்டும் விட்டால், அடுத்தவரிடம் கேட்கும்போது சந்தேகப்படுவது போல ஆகிவிடும்.

அப்புறம், கல்லாவில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் சொல்லுங்கள். பணம் பெற ஓடிபியும் தேவையில்லை, யுபிஐ ரகசிய எண்ணும் (பின்) தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது செயலி, தொடவே கூடாது. யாராவது வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பினால், மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வியாபாரி வழக்கமாக வாங்கும் இடத்திலிருந்து வந்தது போலவே ஒரு கடிதம் பார்த்து, புதுக் கணக்குக்குப் பணம் போட்டார். முகவரியில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். ஒரு போன் பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

யுபிஐ ஸ்டிக்கரைத் தினமும் காலையில் ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நம்மைப் போன்றவர்கள் மேல் விழும் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். கணினியில் வாங்கிய தகவலும், தாளில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றியதும் இதில் வரும். தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதைக் காட்டிப் பயமுறுத்தி மென்பொருள் விற்க வருவார்கள். 250 கோடி என்பது உச்சவரம்பு. எவ்வளவு என்பதைத் தவறின் தன்மையைப் பார்த்துத் தரவுப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்யும்.

எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்க வேண்டும், சொன்ன காரணத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், காரணம் முடிந்ததும் அழிக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும், கசிந்தால் உரியவருக்குச் சொல்ல வேண்டும். சாரம் இவ்வளவுதான். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. டியூஷன் சென்டர்காரர்கள் இதைக் கவனிக்கவும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். தமிழ் அதில் உண்டு. பிரெஞ்சு இல்லை, பாண்டிச்சேரிக்காரர்கள் மன்னிக்கவும்.

நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்கு, கையோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு. கடலூரானாலும் புதுச்சேரியானாலும் அதே எண்தான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசிக்கிறவர்கள்தான் பணத்தை விடுகிறார்கள்.

கணினியில் ஃபைல்கள் திறக்காமல் பணம் கேட்டு அறிவிப்பு வந்தால், இணைய வயரைப் பிடுங்கி வைஃபையை நிறுத்துங்கள். எதையும் அழிக்காதீர்கள், திரையைப் போனில் படம் எடுங்கள். பேக்கப் டிஸ்க்கைப் பதற்றத்தில் அதே கணினியில் செருகிவிடாதீர்கள். இப்படி நடப்பவற்றை, தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. மின்னஞ்சலிலேயே அனுப்பலாம்.

வாடிக்கையாளர் தகவல் போயிருந்தால் அவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள், இன்னொருவர் வழியாகத் தெரிவதற்கு முன்னால். என்ன போனது, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி போதும். புதுச் சட்டத்தின் விதிகளின்படி வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரமும் கொடுக்க வேண்டும்.

இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். வங்கிக் கிளை, 1930, ஆடிட்டர், கணினி பார்க்கிறவர், சிம் நிறுவனத்தின் சேவை எண். "எல்லாம் போன்லயே இருக்கு தம்பி" என்றார் அந்த கெஸ்ட் ஹவுஸ் உரிமையாளர். தொலைந்தது அந்தப் போனாகவே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். செலோடேப் எங்கே என்று தேட ஆரம்பித்தார்.